அண்ணனின் பதினொரு நிமிடம்

அமுதவள்ளி பிறந்து நாற்பத்தேழு வருடத்தில் எதற்காகவும் ஓடியதில்லை. கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும், "அடுத்தது வரும், எங்க போயிடப்போவுது" என்று நிற்கிற ரகம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியன்று எல்லாருக்கும் சிவப்புச் சிராப் சர்பத் ஊற்றிக் கொடுக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு தப்பித்தவள். அப்படிப்பட்டவள் ஏழு மாதமாகத் தினமும் காலை ஆறரைக்குக் கிள்ளானில் பண்டமாரான் திடலை ஆறு சுற்று விறுவிறுவென்று நடந்தாள் என்றால் அதற்கு அழகும் காரணமில்லை, ஆயுசும் காரணமில்லை. தன் கிட்னிகளில் ஒன்றை அண்ணனுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் பதினொரு கிலோ இளைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அண்ணன் திருச்செல்வத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. சரித்திர ஆசிரியராக இருந்து, உடம்பு முடியாமல் முன்கூட்டியே ஓய்வு வாங்கியவர். மனைவி மலர்விழியோடும் ஒரே மகன் லோகனோடும் தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சொந்தத்தில் யாராவது கிட்னி கொடுத்தால் நல்லது என்று டாக்டர் சொன்னதும், அண்ணி, லோகன், அமுதவள்ளி மூன்று பேரும் ஒரு தனியார் லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அண்ணி அவளைச் சமையலறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். "எனக்கும் பொருந்தல, லோகனுக்கும் பொருந்தல அமுதா. உனக்கு மட்டும்தான் பொருந்தியிருக்கு. நான் எந்த வாயால உன்கிட்ட கேப்பேன்?"

அண்ணி கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் அமுதவள்ளி சொல்லிவிட்டாள். "நீங்க ஏன் அண்ணி கேக்கணும்? நான் குடுக்கிறேன்."

ஒரு சேலை எடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிறவள், இதற்கு மூன்று விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் அன்று அவள் தலையில் கை வைத்து, "தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

ஆஸ்பத்திரியில்தான் இடித்தது. அவள் உயரத்துக்கு எண்பத்தொரு கிலோ அதிகம், எழுபதுக்குக் கீழே வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அமுதவள்ளிக்கு அவமானமாக இருந்தது. வெளியே வந்ததும் லோகன் அவள் தோளைப் பிடித்து, "விடுங்க அத்தை, நான் உங்கள எறக்கிக் காட்டுறேன்" என்றான்.

லோகனுக்கு இருபத்தாறு வயது. வேலை கம்ப்யூட்டர் கம்பெனியில், உயிர் ஜிம்மில். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஆரஞ்சு நிறத்தில் ஓட்டக்காரர்கள் போடுகிற சப்பாத்து ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தான். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கைப்பிடி சோறு, தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக் கூடவே கூடாது என்று அச்சடித்து அவள் வீட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டினான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போவாள். எடை பார்ப்பான், எழுதுவான், கை தட்டுவான். அரைக் கிலோ ஏறியிருந்தால், "அத்தை, யாருக்குத் தெரியாம நாசி லெமாக் சாப்பிட்டீங்க?" என்று மிரட்டுவான். பிள்ளை பெறாத அமுதவள்ளிக்கு அந்த மிரட்டல் வெல்லமாக இனித்தது. அவளைப் பெண் பார்க்க இரண்டு பேர் வந்ததுண்டு. இரண்டும் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலம். அம்மா போனபிறகு யாரும் வரவில்லை. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழவும் இல்லை. துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் கொள்கலன்களுக்குச் சுங்க ஃபாரம் நிரப்பிக்கொண்டு, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தாள்.

நடைக்குத் துணை அண்ணனின் குரல். நாலு மணி நேரம் இடது கையில் ஊசியோடு சாய்ந்து கிடக்கிற மனிதர் வேறென்ன செய்வார்? பேசினார். வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவைத் தட்டி, விரலை அழுத்திக்கொண்டே இருக்க முடியாதென்று அதைப் பூட்டிவிட்டு, போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு நாட்டு நடப்பைப் பேசினார். பெட்ரோல் சலுகை யாருக்குப் போக வேண்டும், மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் நம் பிள்ளைகளுக்கு ஏன் இழுபறியாகிறது, தே தாரிக் தேநீர் விலை ஏறியதற்குச் சீனி காரணமா கடைக்காரன் காரணமா, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு முடிவு இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. பழைய ஆசிரிய நண்பர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நழுவிவிட்டார்கள். அமுதவள்ளி மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். சீனியைக் குறைத்தால் நாட்டுக்கே நல்லதுதானே என்று ஒரு தடவை எதிர்த்துப் பேசிப் பார்த்தாள். அதற்கு ஆறு நிமிடப் பதில் வந்தது. அதோடு ஆமாம் சாமி போட்டுவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை வந்தது பதினொரு நிமிடம். அண்ணன் ஏதோ பெரிய கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, முதல் சுற்றிலேயே காதில் மாட்டிக்கொண்டாள்.

"தியாகம் பண்ணுங்க, தியாகம் பண்ணுங்கன்னு மேடையில நின்னு சொல்றான். எவன் வீட்டுத் தியாகம்? தலைவன் புள்ள லண்டன்ல படிக்குது, தொண்டன் புள்ள வெயில்ல கொடி புடிக்குது. தியாகம்னா மொதல்ல தன் வீட்டுலேர்ந்து எடுக்கணும்லா. அடுத்தவன் வீட்டுலேர்ந்து எடுத்தா அதுக்குப் பேரு தியாகமில்ல, திருட்டு."

"நல்லாச் சொன்னீங்க அண்ணே" என்று வாய்விட்டே சொன்னாள் அமுதவள்ளி. எதிரே நடந்து வந்த சீனக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு முடிந்தது. பதிவு முடியவில்லை. தன் பேச்சு எங்கே முடிகிறது என்பதை அண்ணன் என்றைக்குக் கவனித்திருக்கிறார்? மெஷின் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. ஃபிளாஸ்க் மூடி திறக்கிற சத்தத்தோடு அண்ணியின் குரல் வந்தது.

"அமுதா இப்ப எவ்வளவு இருக்காளாம்?"

"எழுபத்தி ஒண்ணு. லோகன் சொன்னான், இன்னும் ஒரு கிலோதான்பா, எறக்கிடுறேன்னு."

"எறக்கிட்டான்னா நிம்மதி. சுங்கை பூலோ சம்பந்தி வீட்டுல நேத்தும் கேட்டாங்க, உங்க வீட்டுலயே யாருக்கும் பொருந்தலையான்னு. இல்லன்னுட்டேன். ஒத்தக் கிட்னி மாப்பிள்ளைன்னா பொண்ணு குடுப்பாங்களா? லோகனுக்குப் பொருந்துதுன்னு லேப்ல குடுத்த பேப்பர் இன்னும் அலமாரியிலதான் கெடக்கு. லோகனும் கேட்டான், என்ன பண்ணட்டும்?"

"கிழிச்சுப் போடு. ஆஸ்பத்திரிக்கு நாம அதக் காட்டலதானே."

"அமுதாவ நெனச்சா உங்களுக்கு ஒரு மாதிரியா இல்லையா?"

"என்ன ஒரு மாதிரி? நான் போய்க் கேக்கல. அவளா வந்தா. லோகனுக்கு இனிமேதான் வாழ்க்கை. இவளுக்கு என்ன, கல்யாணமா காட்சியா? நான்தான் அவளுக்கு எல்லாம். கேட்டா ரெண்டையும் குடுப்பா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மைலோவில் சூடு போதவில்லை, பார்க்கிங்கில் இடம் கிடைக்கவில்லை என்று ஏதேதோ ஓடி, பதிவு நின்றது.

அமுதவள்ளியின் கால்கள் நிற்கவில்லை. ஏழு மாதப் பழக்கம், அவை பாட்டுக்கு நடந்தன. ஆறு சுற்றையும் முடித்துவிட்டுத்தான் பெஞ்சில் உட்கார்ந்தாள். மறுபடி ஒரு தடவை கேட்டாள். முதல் தடவை வராத அழுகை அப்போது வந்தது.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். இங்கே கத்தி கழுத்துக்குக்கூட வரவில்லை, இடுப்போடு நின்றுவிட்டது. அவளுக்கு ஆத்திரம். கிட்னி போவதைப் பற்றியல்ல. லோகனுக்குப் பொருந்துகிறது அமுதா, ஆனால் அவன் சின்னப் பையன், நீ கொடுக்கிறாயா என்று அன்றைக்கே நேராகக் கேட்டிருந்தால் அதே மூன்று விநாடியில் சரி என்றிருப்பாள். அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் பொய் சொன்னார்கள். அண்ணியின் தாலியில் மூன்றாவது முடிச்சை நாத்தனார் முறைக்கு நின்று போட்டவள் அவள்தான். அந்த அண்ணி அழுது காட்டினார். அண்ணன் சிரித்தார். லோகன், அந்த லோகன், தன் கிட்னியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அவளை வாரா வாரம் எடை பார்த்திருக்கிறான். ஆட்டுக்குத் தழை கொடுத்து எடை போடுகிறவனாவது அதை அத்தை என்று கூப்பிடுவதில்லை.

திடல் மூலையில் நூர் முகம்மதுவின் ஒட்டுக்கடை. நடை முடிந்ததும் சீனி போடாத தேநீர் ஒன்று வாங்கிக் குடிப்பது அவள் வழக்கம். அன்று உட்கார்ந்து, "பாஸ், தே தாரிக் ஒண்ணு, சீனி தூக்கலா. ரொட்டி சானாய் ரெண்டு" என்றாள்.

நூர் முகம்மது பரோட்டாக் கல்லிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். "என்னக்கா, அண்ணனுக்குக் குடுக்கணும்னு சொன்னீங்களே. இன்னும் ஒரு கிலோ பாக்கி இல்ல?"

"நீங்க போடுங்க பாஸ்."

அவர் போட்டுக் கொடுத்தார். ஒரு ரொட்டியைத் தின்றாள். இரண்டாவதைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனாள். முகத்தைப் பார்த்தால் ஒருத்தராவது தாங்காமல் சொல்லிவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. ஒருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. அண்ணி ராகிக் கூழ் காய்ச்சி வைத்திருந்தார். அண்ணன் தொலைக்காட்சிச் செய்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "ஊர்ல ஒருத்தனுக்கும் நேர்மை இல்ல அமுதா" என்றார். அவள் ஆமாம் சாமி போடவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

லோகன் எடைக்கருவியைக் கொண்டுவந்து தரையில் வைத்தான். கோபத்தில் தின்ற ரொட்டி சானாயைக்கூட அந்த உடம்பு பொருட்படுத்தவில்லை. எழுபது புள்ளி ஆறு.

"சூப்பர் அத்தை. புதன்கிழமை ஆஸ்பத்திரி போறதுக்குள்ள அறுநூறு கிராம். தூசு."

அவன் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். அமுதவள்ளி கருவியை விட்டு இறங்காமலே கேட்டாள். "தம்பி, உனக்குப் பொருந்தியிருந்தா நீ அப்பாவுக்குக் குடுத்திருப்பியா?"

"கண்டிப்பா அத்தை" என்றான் லோகன். எழுதுவதை நிறுத்தவில்லை. "இதெல்லாம் கேக்கணுமா?"

அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் சட்டென்று நின்று, பிறகு மறுபடி தொடங்கியது.

ரயிலில் திரும்பும்போது அவள் யோசித்தாள். ஆஸ்பத்திரிக்கே போகாமல் விடலாம். ஆனால் அது அண்ணன். அவள் எட்டு வயதில் மஞ்சள்காமாலையில் கிடந்தபோது இரவெல்லாம் விசிறிய அண்ணன். வாரம் மூன்று நாள் ஊசி குத்தி, கை புடைத்துப்போய்க் கிடக்கிற அண்ணன். சொன்ன சொல்லையும் சிரித்த சிரிப்பையும் நினைத்தால் கொடுக்கக் கூடாது. அந்தக் கையை நினைத்தால் கொடுக்காமல் இருக்க முடியாது. சுபாங் ஜெயா தாண்டும்வரை இப்படியும், ஷா ஆலம் தாண்டும்வரை அப்படியும் மனம் ஆடியது. கிள்ளானில் இறங்கும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். எனக்குத் தெரியும் என்று அண்ணனுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தபின் அவர் வாயிலிருந்து தப்புதான் அமுதா என்று ஒரு சொல் வந்தால் போதும், கொடுத்துவிடலாம். அழக்கூட வேண்டாம். ஒரே ஒரு சொல்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் அறுபத்தொன்பது புள்ளி எட்டு. தாதி இரண்டு தரம் பார்த்துவிட்டு, "பாகூஸ், கக்" என்று மலாயில் பாராட்டினாள்.

பிறகு அவளை மட்டும் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டார்கள். கொடுக்கிறவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்பது அங்கே விதி. டாக்டர் ருமானா அறுவை செய்கிற குழுவில் இல்லாதவர். இந்தப் பேச்சுக்கென்றே வந்தவர். ஃபாரத்தை மேசையில் வைத்துவிட்டுத் தமிழிலேயே பேசினார்.

"அக்கா, யாராவது உங்கள வற்புறுத்தினாங்களா?"

"இல்ல டாக்டர். ஒருத்தரும் கேக்கக்கூட இல்ல."

"மனசுல தயக்கம் இருந்தா இப்ப சொல்லலாம். காரணத்த நாங்க வெளிய சொல்ல மாட்டோம். பரிசோதனையில பொருந்தி வரலன்னு மட்டும் வீட்டுல சொல்லிடுவோம். உங்க மேல யாருக்கும் வருத்தம் வராது."

பொருந்தி வரவில்லை. அதே சொல். அமுதவள்ளிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட ஒரு கால் மணி நேரம் குடுங்க டாக்டர். என் அண்ணன்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வந்துடுறேன்."

வெளியே வராந்தாவில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். லோகன்தான் முதலில் எழுந்தான். "எத்தனை அத்தை?"

"அறுபத்தொம்பது எட்டு."

அவன் கையை உயர்த்தி அவள் கையில் தட்டினான். அண்ணி மேலே பார்த்துக் கும்பிட்டார். அண்ணன் எழுந்திருக்க முயன்று முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் அமுதவள்ளிக்கு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனை எடுத்து அவர் மடியில் வைத்துத் தட்டிவிட்டாள்.

"தியாகம் பண்ணுங்க, தியாகம் பண்ணுங்கன்னு மேடையில நின்னு சொல்றான்" என்றது போன்.

அண்ணன் முகம் மலர்ந்தது. "இது போன வாரம் பேசுனது. நல்லா வந்திருக்குல்ல?" தன் குரலுக்குத் தானே தலையாட்டிக்கொண்டார். திருட்டு என்ற இடத்தில் லோகனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு மலாய்க்கார அம்மாள்கூட எட்டிப் பார்த்தார்.

பேச்சு முடிந்தது. மெஷின் சத்தம். நாற்காலி. ஃபிளாஸ்க் மூடி.

அண்ணியின் கைதான் முதலில் போனை நோக்கி நீண்டது. அமுதவள்ளி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கும்படி அல்ல, நகராதபடி. போன் பாட்டுக்குப் பேசியது. சம்பந்தி வீடு. அலமாரி. கிழிச்சுப் போடு. கல்யாணமா காட்சியா. ரெண்டையும் குடுப்பா. சிரிப்பு. லோகன் அவள் காலிலிருந்த ஆரஞ்சு சப்பாத்தைப் பார்த்தபடி நின்றான். அண்ணி சத்தமில்லாமல் அழத் தொடங்கினார். இந்த அழுகை நிஜம் என்று அமுதவள்ளிக்குத் தெரிந்தது. முந்தையதும் இப்படித்தான் இருந்தது.

அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கீழே பார்த்தார், சுவரைப் பார்த்தார், டாக்டரின் அறைக் கதவைப் பார்த்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். சொல்லிவிடுங்கள் அண்ணே என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். மூன்று விநாடி போதும்.

"அமுதா" என்றார் அவர். "நீ உள்ள கையெழுத்துப் போட்டுட்டியா, இல்லையா?"

அமுதவள்ளி அண்ணியின் கையை விட்டாள். போனை அவர் மடியிலிருந்து எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். மூன்று பேரில் ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. கதவைத் தட்டி உள்ளே போனாள்.

டாக்டர் ருமானா நிமிர்ந்து பார்த்தார். "கேட்டுட்டீங்களா அக்கா?"

"கேட்டுட்டேன் டாக்டர். நான் குடுக்கல."

டாக்டர் ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை எடுத்தார். "சரி. வீட்டுல பொருந்தலன்னு சொல்லிடுறேன்."

"வேணாம் டாக்டர். அந்தப் பொய்ய அவங்க ஏற்கெனவே சொல்லிட்டாங்க" என்றாள் அமுதவள்ளி. "எனக்கு எடை சரியா இருக்கு, ரத்தம் சரியா இருக்கு, எல்லாம் பொருந்துது. குடுக்க மனசில்லன்னு எழுதுங்க. வெளிய என் அண்ணன் மவன் நிக்கிறான், அவனுக்கும் எல்லாம் பொருந்துது. அவனையும் கூப்பிட்டு இப்படித் தனியா உக்கார வச்சுக் கேளுங்க."